மூன்று கேள்விகளில் தவறிய ஜாவா சான்றிதழ்: டம்ப்பை மனப்பாடம் செய்து மறுபடி எழுதலாமா?

வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவருக்கு வயது 32. ஜாவா என்ற நிரல் மொழியின் 8-ஆம் பதிப்பில் (ஜாவா 8) எழுதப்பட்ட ஒரு பழைய அப்ளிகேஷனைப் பராமரிக்கும் குழுவில் ஆறு வருடமாக வேலை செய்கிறார். சென்ற மாதம் ஆரக்கிள் நிறுவனத்தின் ஜாவா எஸ்.இ. 17 டெவலப்பர் சான்றிதழ் தேர்வை எழுதினார். தேர்ச்சிக்கு 68 சதவீதம் வேண்டும், கிடைத்தது 62. வழிகாட்டிப் புத்தகத்தை இரண்டு முறை முழுவதும் படித்தவர். மாதிரித் தேர்வுகளில் 90-க்கு மேல் எடுத்துவந்தவர். அதனால் இந்த முடிவை அவரால் ஏற்கவே முடியவில்லை. மதிப்பெண் அறிக்கையில் மாட்யூல் (புரோகிராமைத் தனித்தனி அலகுகளாகப் பிரிப்பது), ஸ்ட்ரீம் (தரவுகளை வரிசையாகச் செயலாக்குவது), கன்கரன்சி (பல வேலைகளை ஒரே நேரத்தில் நடத்துவது) ஆகிய மூன்று பகுதிகளைப் பலவீனம் என்று காட்டியிருக்கிறார்கள். மூன்று வாரத்தில் மறுபடி எழுத முன்பதிவும் செய்துவிட்டார்.

இதற்கிடையில் டீம் லீட் ஒரு பிடிஎஃப் அனுப்பியிருக்கிறார். டெலிகிராமில் சுற்றும் டம்ப் அது, அதாவது உண்மையான தேர்வில் வந்ததாகச் சொல்லப்படும் கேள்வி-விடைத் தொகுப்பு. "எல்லாரும் இதைத்தான் படிக்கிறாங்க, மூணு கேள்வி தானே குறைஞ்சது" என்றும் சொல்லியிருக்கிறார். வாசகியின் கேள்விகள் இவை: டம்ப் படிப்பது அவ்வளவு பெரிய தவறா? முதலில் ஜாவா 8 தேர்வை எழுதிவிட்டு 17-க்கு வருவது நல்லதா? வீட்டு லேப்டாப்பில் ஓடும் கோட் ஒன்றை மாதிரித் தேர்வு "கம்பைல் ஆகாது" (கணினி ஓட்டக்கூடிய வடிவுக்கு மாறாது) என்கிறதே, எதை நம்புவது? தோற்றது நிறுவனத்துக்குத் தெரியவருமா? கடைசியாக, "ஆறு வருடம் கோட் எழுதியும் இதில் தேறவில்லை என்றால் எனக்கு இந்தத் துறையே ஒத்துவராதோ?"

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், மற்ற கேள்விகளுக்கான பதிலும் அதில்தான் இருக்கிறது. ஆறு வருட அனுபவம் பொய்யாகிவிடவில்லை. இந்தத் தேர்வு அளப்பது வேறு ஒரு திறமையை. வேலையில் நீங்கள் கோட் எழுதுகிறீர்கள். ஐடிஇ (கோட் எழுதும் மென்பொருள்) தவறைச் சிவப்புக் கோட்டில் காட்டுகிறது, மெத்தடின் பெயரை அதுவே முடித்துத் தருகிறது, சந்தேகம் வந்தால் ஓட்டிப் பார்த்துவிடலாம். தேர்வில் இவை எதுவும் இல்லை. வேறு யாரோ வேண்டுமென்றே குழப்பமாக எழுதிய கோடை வெறும் கண்ணால் படித்து, கம்பைலர் என்ன சொல்லும் என்று நீங்கள் சொல்ல வேண்டும். அன்றாட வேலையில் இந்தப் பயிற்சி கிடைக்காது. அதனால்தான் நல்ல அனுபவசாலிகள் பலர் முதல் முறை இங்கே சறுக்குகிறார்கள்.

எளிய உதாரணம் ஒன்று. பைட் எனும் சிறிய எண் வகை மாறி ஒன்றில் 10 இருக்கிறது. அதோடு 1-ஐக் கூட்டி அதே மாறியில் சமக்குறி போட்டு வைத்தால் கம்பைல் ஆகாது, ஏனென்றால் கூட்டலின் விடை இன்ட் எனும் பெரிய எண் வகை. அதையே += என்று எழுதினால் கம்பைல் ஆகிவிடும், வகை மாற்றம் உள்ளுக்குள் தானாக நடக்கும். இன்னொன்று: இரண்டு இன்டிஜர் ஆப்ஜெக்டுகளில் தலா 127 வைத்து == போட்டால் 'ட்ரூ' வரும். 128 வைத்தால் வழக்கமான அமைப்பில் 'ஃபால்ஸ்' வரும், ஏனென்றால் ஜாவா -128 முதல் 127 வரையிலான மதிப்புகளுக்கு மட்டும் ஒரே ஆப்ஜெக்டைத் திரும்பத் தருகிறது. ஆறு வருடத்தில் இப்படி ஒரு கோடை நீங்கள் எழுதியே இருக்க மாட்டீர்கள். நல்ல புரோகிராமர் இதை எழுத மாட்டார், ஆனால் தேர்வு இதைத்தான் கேட்கும்.

ஆகவே உங்களிடம் குறைந்தது படிப்பு இல்லை, கோடை வாசிக்கும் பழக்கம். புத்தகத்தை மூன்றாம் முறை படிப்பதால் அது வராது. டம்ப்பாலும் வராது.

டம்ப் விஷயம்

இதை மென்மையாகச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை: அந்தக் கோப்பை அழித்துவிடுங்கள். தேர்வு தொடங்கும் முன் நீங்கள் 'சம்மதம்' என்று அழுத்திய ஒப்பந்தம் நினைவிருக்கிறதா? தேர்வுக் கேள்விகள் ரகசியம், அவற்றை வெளியில் சொல்லவும் கூடாது, வெளியான கேள்விகளை வைத்துத் தயாராகவும் கூடாது என்பது அதன் சாரம். மீறியது தெரிந்தால் மதிப்பெண்ணை ரத்து செய்யலாம், வாங்கிய சான்றிதழைப் பறிக்கலாம், இனி எந்தத் தேர்வும் எழுத விடாமல் தடை போடலாம். உங்கள் பெயரில் நடக்கும் நடவடிக்கை அது. 

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். முதல் தேர்வில் வந்ததாக இரண்டு கேள்விகளை நினைவிலிருந்து கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். விளக்கம் கேட்கும் நல்ல எண்ணத்தில்தான் எழுதினீர்கள் என்று புரிகிறது. ஆனால் அதுவும் அந்த ஒப்பந்தத்துக்கு எதிரானதுதான், அதனால் நீக்கிவிட்டேன். அந்தத் தலைப்புகளைப் பற்றிப் பொதுவாகக் கேளுங்கள், அதற்கு எந்தத் தடையும் இல்லை.

மாதிரித் தேர்வும் டம்ப்பும் ஒன்று என்று நினைத்துப் பயப்படவும் வேண்டாம். பாடத்திட்டத்தைப் பார்த்துச் சொந்தமாகக் கேள்வி தயாரித்து, ஒவ்வொரு விடைக்கும் காரணம் எழுதியிருந்தால் அது மாதிரித் தேர்வு, தாராளமாகப் பயன்படுத்தலாம். "உண்மையான தேர்வில் வந்த கேள்விகள்" என்று சொல்லி, கேள்வியும் விடை எழுத்தும் மட்டும் இருந்தால் அது டம்ப். அப்படிப்பட்ட கோப்புகளில் விடைகளும் பல இடங்களில் தப்பாக இருக்கும். காரணம் எழுதாததால் எது தப்பு என்று உங்களால் கண்டுபிடிக்கவும் முடியாது.

'மூன்று கேள்விதானே' என்ற கணக்கையும் திருத்திக்கொள்ளுங்கள். 50 கேள்வியில் 68 சதவீதம் என்றால் 34. நீங்கள் எடுத்தது 31. ஆனால் அந்த 31-ல் எத்தனை ஊகத்தில் சரியானவை? இந்தத் தேர்வில் தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை என்பதால் எல்லோருமே சிலவற்றை ஊகித்துத்தான் எழுதுவார்கள். அடுத்த முறை அந்த ஊகங்கள் பலிக்காமலும் போகலாம். 34-ஐக் குறிவைத்துப் படித்தால் மறுபடி 31-ல் நிற்கும் அபாயம் உண்டு. 40-ஐக் குறிவையுங்கள்.

ஜாவா 8-லிருந்து ஏறி வரலாமா?

வேண்டாம். 17-க்கான தேர்வை எழுத முன்தகுதி எதுவும் கேட்பதில்லை, ஒரே தேர்வுதான். ஜாவா 8-ல் அதே நிலைக்கு வர இரண்டு தேர்வுகள் எழுத வேண்டும், அந்தப் பதிப்பு வெளிவந்ததோ 2014-ல். சுலபமாக இருக்கும் என்ற ஆறுதலைத் தவிர அதில் உங்களுக்கு லாபம் ஒன்றும் இல்லை.

ஜாவா 21 தேர்வுக்குத் தாவுவதையும் இப்போது நான் பரிந்துரைக்க மாட்டேன். ரெக்கார்டு பேட்டர்ன், விர்ச்சுவல் த்ரெட் என்று புதுப் பகுதிகள் சேர்ந்திருக்கின்றன. 17-க்காக நீங்கள் போட்ட அடித்தளம் பாதிக்கு மேல் நிற்கும்போது அதை முடித்துவிடுவதே நல்லது. ஏதோ காரணத்தால் ஒரு வருடம் தள்ளிப்போனால் மட்டும் 21-ஐ யோசியுங்கள்.

லேப்டாப்பில் ஓடுகிறதே, பிறகு எப்படித் தப்பு?

இந்தக் கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது, விடையைச் சோதித்துப் பார்த்திருக்கிறீர்களே. நீங்கள் குறிப்பிட்டது ஸ்விட்ச்சில் ஆப்ஜெக்டின் வகையைப் பார்த்துப் பிரிக்கும் கோட். மாதிரித் தேர்வு சொன்னதும் சரி, லேப்டாப் காட்டியதும் சரி. வீட்டில் நீங்கள் போட்டிருப்பது ஜேடிகே 21 (ஜாவா 21-க்கான மென்பொருள் தொகுப்பு). அந்த வசதி 17-ல் முன்னோட்டமாக மட்டும் இருந்தது, 21-ல்தான் மொழியின் நிரந்தரப் பகுதியாகச் சேர்ந்தது. 17 கம்பைலர் வழக்கமான முறையில் அதை ஏற்காது. 17-க்கான தேர்வுக்கு ஜேடிகே 17-ஐயே நிறுவிப் பயிற்சி செய்யுங்கள். அலுவலகத்தில் 8, வீட்டில் 21, தேர்வில் 17 என்று மூன்று பதிப்புகளுக்கு நடுவே அலைந்ததும் உங்கள் மதிப்பெண்ணைத் தின்றிருக்கிறது என்பது என் கணிப்பு.

8-லிருந்து 17-க்குள் வந்த மாற்றங்களை மட்டும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். மாட்யூல் 9-ல் வந்தது, உள்ளூர் மாறிகளுக்கான 'வார்' 10-ல், ஸ்விட்ச் எக்ஸ்பிரஷன் 14-ல், டெக்ஸ்ட் பிளாக் 15-ல், ரெக்கார்டும் இன்ஸ்டன்ஸ்ஆஃப் பேட்டர்னும் 16-ல், சீல்டு கிளாஸ் 17-ல். உங்கள் அன்றாட வேலையில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. அனுபவம் உதவாத இடம் எது என்று இந்தத் தாளே சொல்லிவிடும்.

பயிற்சி முறை ஒன்றைச் சொல்கிறேன். தினமும் ஐந்து சிறிய கோட் துண்டுகள் போதும். ஐடிஇ வேண்டாம், சாதாரண எடிட்டரில் வைத்துப் படியுங்கள். மூன்று கேள்விகளை இந்த வரிசையிலேயே கேளுங்கள்: இது கம்பைல் ஆகுமா? கம்பைல் ஆனால், ஓடும்போது எக்ஸப்ஷன் என்ற பிழை வருமா? வராவிட்டால், வெளியீடு என்ன? விடையைக் காரணத்தோடு நோட்டில் எழுதிய பிறகே ஓட்டிப் பாருங்கள். ஜாவா 11-லிருந்து ஒற்றைக் கோப்பை நேரடியாக ஜாவா கட்டளையிலேயே ஓட்டலாம் என்பதால் இதற்கு நேரம் அதிகம் ஆகாது. ஜேஷெல்லில் (கோட்டை வரி வரியாக ஓட்டிப் பார்க்கும் ஜாவா கருவி) செய்யாதீர்கள், வரி முடிவில் அரைப்புள்ளி விட்டாலும், ஒரே மாறியை மறுபடி அறிவித்தாலும் அது பொறுத்துக்கொள்ளும், தேர்வு பொறுக்காது.

ஊகம் தப்பாகும்போது அந்த விதி எது என்று தேடி, ஒரே வரியில் எழுதுங்கள். ஜாவா மொழியின் முறையான விவரணம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. உதாரணமாக, இன்ட் மதிப்போடு ஒரு மெத்தடை அழைக்கிறோம். அதே பெயரில் லாங் வாங்கும் மெத்தடும் இன்டிஜர் வாங்கும் மெத்தடும் இருந்தால் எது ஓடும்? லாங். பெரிய வகைக்கு மாற்றுவதை முதலில் பார்த்துவிட்டுத்தான் ஜாவா ஆப்ஜெக்டாகச் சுற்றுவதற்கு வரும். இதைப் புத்தகத்தில் படித்தபோது தலையாட்டியிருப்பீர்கள். தப்பாக ஊகித்து, ஓட்டிப் பார்த்து, திருத்தி எழுதினால்தான் தேர்வு அறையில் அது கைகொடுக்கும்.

இரவு ஒரு மணி வரை படித்தும் ஒன்றும் தங்குவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். குழந்தை தூங்கிய பிறகுதான் உங்களுக்கு நேரம் என்பது புரிகிறது. ஆனால் அந்த நேரத்துக்குப் பக்கம் பக்கமாகப் படிப்பது பொருந்தாது. ஐந்து துண்டுகளை முடித்துவிட்டு லேப்டாப்பை மூடிவிடுங்கள்.

அறிக்கை காட்டிய மூன்று பகுதிகள்

மாட்யூல்: நீங்கள் பயந்த அளவுக்கு இது கடினம் இல்லை. வேலையில் பார்க்காததால்தான் அந்நியமாகத் தெரிகிறது. கையாலேயே இரண்டு சிறிய மாட்யூல்களை எழுதி, கட்டளை வரியில் கம்பைல் செய்யுங்கள். பிறகு எக்ஸ்போர்ட்ஸ் வரியை நீக்கிவிட்டு வரும் பிழைச் செய்தியைப் படியுங்கள். ரிக்வையர்ஸ் டிரான்சிட்டிவ் சேர்த்தும் நீக்கியும் பாருங்கள். இரண்டு மாட்யூலும் ஒன்றையொன்று ரிக்வையர் செய்தால் என்ன ஆகிறது என்றும் பாருங்கள். கம்பைலர் அந்தச் சுழற்சியை அனுமதிக்காது. ஒரு வார இறுதி இதற்குப் போதும்.

ஸ்ட்ரீம்: இங்கே உங்கள் ஜாவா 8 பழக்கம் உதவவும் செய்யும், காலையும் வாரும். மூன்று எண்கள் கொண்ட லிஸ்டை ஸ்ட்ரீம் ஆக்கி, பீக் போட்டு அச்சடித்து, கடைசியில் கவுன்ட் கேட்டால் 8-ல் மூன்றும் அச்சாகும். 9-லிருந்து ஒன்றுமே அச்சாகாமல் போகலாம், எண்ணிக்கையை மூலத்திலிருந்தே கணக்கிட முடிந்தால் இடையிலுள்ள வேலையைத் தவிர்க்க அனுமதி உண்டு. நடுவில் ஃபில்டர் வந்தால் கதை மாறிவிடும். இதோடு இன்னும் சிலவற்றை எழுதிப் பாருங்கள்: முடிவுச் செயல் இல்லாத ஸ்ட்ரீம் ஓடவே ஓடாது, பயன்படுத்திய ஸ்ட்ரீமை மறுபடி தொட்டால் எக்ஸப்ஷன், டூமேப்பில் ஒரே சாவி இரண்டு முறை வந்தாலும் எக்ஸப்ஷன், பார்டிஷனிங்பை எப்போதும் ட்ரூ, ஃபால்ஸ் இரண்டு சாவிகளையும் வைத்திருக்கும், குரூப்பிங்பை இருப்பதை மட்டும் வைத்திருக்கும்.

கன்கரன்சி: மேலே சொன்ன 'ஊகித்து ஓட்டிப் பார்' முறை முழுமையாகப் பலிக்காத ஒரே பகுதி இது. இரண்டு த்ரெட்கள் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைத் தொடர்கள்) ஒரே எண்ணைக் கூட்டும் கோடை உங்கள் லேப்டாப் நூறு முறையும் ஒரே விடையோடு ஓட்டிக்காட்டலாம். அப்போதும் சரியான விடை "வெளியீட்டை உறுதியாகச் சொல்ல முடியாது" என்பதாக இருக்கும். ஓடியது என்பதற்காக அது உத்தரவாதம் ஆகிவிடாது. இங்கே மட்டும் 'எது உறுதி செய்யப்பட்டிருக்கிறது?' என்று கேட்டுப் படியுங்கள். ஸ்டார்ட் அழைத்தால் புது த்ரெட், ரன் அழைத்தால் சாதாரண மெத்தட் அழைப்பு. சப்மிட் செய்த வேலைக்குள் எழுந்த எக்ஸப்ஷன், கெட் அழைக்கும்வரை வெளியே தெரியாது. த்ரெட்களை நிர்வகிக்கும் எக்ஸிக்யூட்டரை மூடாவிட்டால் பெரும்பாலும் புரோகிராம் முடியாமல் நிற்கும். இந்த மூன்றையும் சந்தேகமில்லாமல் சொல்ல முடிந்தால் பாதி தாண்டியாகிவிட்டது.

தேதி

தோற்ற பிறகு 14 நாள் இடைவெளி விட வேண்டும் என்பது ஆரக்கிள் விதி. அது குறைந்தபட்ச இடைவெளி. அதற்குள் தயாராகிவிட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. மூன்று வாரம் உங்களுக்குப் போதாது. மூன்று பகுதிகளைப் புதிதாகக் கட்ட வேண்டும், குழந்தையும் வேலையும் இருக்கின்றன. எட்டு வாரமாவது தள்ளிவையுங்கள். தேதி மாற்றும் கடைசி நேரம் முன்பதிவு நிபந்தனையில் இருக்கும். அது தாண்டினால் கட்டணம் போய்விடும், இன்றே பாருங்கள்.

மாதிரித் தேர்வில் வந்த 90-ஐ நம்பாதீர்கள். அதே தாள்களைத் திரும்பத் திரும்ப எழுதியதாகச் சொன்னீர்கள். மூன்றாம் முறை வரும் 90 நினைவாற்றலின் மதிப்பெண். இதுவரை பார்க்காத தாள்களை ஒதுக்கி வைத்து, 90 நிமிடக் கடிகாரத்தோடு, இடையில் எழுந்திருக்காமல் எழுதுங்கள். தொடர்ந்து மூன்று புதிய தாள்களில் 80-ஐத் தொட்டால் தயார். ஒரு கேள்விக்குச் சராசரி 108 விநாடிதான். நீளமான கோட் வந்தால் ஒரு விடையைக் குறித்து, கொடி போட்டுவிட்டு நகருங்கள், கடைசியில் திரும்பி வரலாம். எதையும் காலியாக விடாதீர்கள்.

அலுவலகம்

சொந்தக் கணக்கில், சொந்தப் பணத்தில் எழுதியிருந்தால் முடிவு உங்கள் கணக்குக்குத்தான் வரும். தோற்றதை ரெஸ்யூமேயில் எழுத வேண்டிய கடமை இல்லை, நேர்காணலில் நீங்களாகச் சொல்லவும் தேவையில்லை. நேரடியாகக் கேட்டால் மட்டும் பொய் சொல்லாதீர்கள். தேறும் முன்பே 'சான்றிதழ் பெற்றவர்' என்றும் போட்டுக்கொள்ளாதீர்கள். நிறுவனம் தந்த வவுச்சரில் எழுதினால் நிலைமை வேறு. முடிவு அவர்களுக்கும் போகுமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை கட்டணத்தை நிறுவனம் திருப்பித் தரும் என்று டீம் லீட் வாய்மொழியாகச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். தேறாவிட்டாலும் தருவார்களா? தந்தால், இத்தனை மாதம் வேலையை விடக்கூடாது என்ற நிபந்தனை உண்டா? சான்றிதழ் வந்தால் பதவி உயர்வு என்றாரே, அது யாருடைய முடிவு? இந்த மூன்றையும் மின்னஞ்சலில் மரியாதையாகக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். பதவி உயர்வை நம்பி மட்டும் இந்தத் தேர்வை எழுதாதீர்கள். சான்றிதழ் உங்கள் ரெஸ்யூமேயைப் படிக்க வைக்கும், அதற்குப் பிறகு நேர்காணலில் நீங்கள்தான் பேச வேண்டும். பிடிஎஃப்பைப் பற்றி அவர் மறுபடி கேட்டால், "நன்றி, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், அதைப் பயன்படுத்த மாட்டேன்" என்று சொன்னால் போதும், வாதம் செய்ய வேண்டியதில்லை.

முன்பதிவில் உள்ள பெயர் உங்கள் அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கடிதத்தில் இரண்டு விதமாக எழுதியிருந்ததால் சொல்கிறேன். வீட்டிலிருந்து எழுதுவதானால் அந்த 90 நிமிடமும் அறைக்குள் வேறு யாரும் வரக்கூடாது, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒருவரை இப்போதே பேசி வையுங்கள். அப்படி ஆள் கிடைக்காது என்றால் தேர்வு மையத்தில் எழுத வாய்ப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

முதல் புதிய தாளை எழுதியதும், எந்தப் பகுதியில் எத்தனை தப்பு, அதில் கம்பைல் பிழையைக் கவனிக்காமல் விட்டது எத்தனை என்று பிரித்து எனக்கு எழுதுங்கள். எட்டு வாரம் போதுமா, இன்னும் தள்ள வேண்டுமா என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.